கிராமப்புற ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மக்கள்தொகை ஆய்வு: டேட்டா மேனேஜருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி கேட்டவருக்கு டேட்டாபேஸ் வேலையில் ஆறு வருட அனுபவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில், கிராமப்புறத்தில் நடக்கும் எச்.ஐ.வி. மக்கள்தொகை ஆய்வு ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. "ரத்தம் எடுப்பார்கள், பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று ரிசல்ட் வரும். அதை ஒரு டேபிளில் ஏற்றி வைக்க முழுநேர ஆள் எதற்கு? ஒருங்கிணைப்பு என்றும் போட்டிருக்கிறார்களே, அது என்ன? மருத்துவம் படிக்காத நான் சமாளிப்பேனா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும், இந்த வேலையில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது. டேபிளில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற அந்த ஒரு பத்திதான் இருப்பதிலேயே எளிதானது. அந்த ரிசல்ட் யாருடையது, அந்த ஆள் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எங்கே இருந்தார் என்ற இரண்டையும் இருபது வருடத்துக்குக் குழம்பாமல் வைத்திருப்பதுதான் வேலை.

ஆஸ்பத்திரிப் பதிவேடே போதுமே என்று தோன்றலாம். கிளினிக்குக்கு அங்கே வருகிறவர்களை மட்டும்தான் தெரியும். வராதவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் வீட்டிலேயே இறந்துபோனார்கள் என்பது தெரியாது. புதிதாகத் தொற்றுகிறவர்களைக் கணக்கிட வேண்டுமென்றால் தொற்று இல்லாதவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அதற்காகத்தான் ஒரு நிலப்பரப்பை எல்லை கட்டி, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்தில் சில முறை போய், பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்று எல்லாவற்றையும் எழுதுகிற ஆய்வுத்தளங்கள் உருவாயின. உகாண்டாவில் கியாமுலிப்வா 1989இல் தொடங்கியது. அதே நாட்டின் ராக்காயின் சமூகக் குழு ஆய்வும் தான்சானியாவின் கிசேசாவும் 1994இல். ஜிம்பாப்வேயின் மானிகாலாந்து 1998இல். தென்னாப்பிரிக்காவில் அகின்கோர்ட் 1992இலிருந்தும், குவாசுலு-நடாலின் உம்கன்யகூடே மாவட்டத்தில் உள்ள தளம் 2000இலிருந்தும் ஓடுகின்றன. இந்த உம்கன்யகூடே தளத்தை நடத்துவது இன்று ஆப்பிரிக்கா ஹெல்த் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட். தொடக்கத்தில் 438 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 2017இல் சுமார் 845 ஆக விரிந்தது.

அங்கிருந்து வந்த இரண்டு முடிவுகளைச் சொன்னால் வேலையின் கனம் புரியும். இரண்டும் 2013இல் வெளியானவை. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து 2004இல் வரத் தொடங்கியபின், அந்தப் பகுதியின் வயதுவந்தோர் ஆயுள் எதிர்பார்ப்பு 2003இல் 49.2 ஆக இருந்தது 2011இல் 60.5 ஆக உயர்ந்தது என்பது ஒன்று. தொற்றுள்ளவர்களில் 30 முதல் 40 சதவீதம் பேர் மருந்து எடுக்கிற சுற்றுப்புறத்தில் வாழும் தொற்றில்லாத ஒருவருக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் மருந்து எடுக்கிற இடத்தில் வாழ்பவரைவிடத் தொற்று வரும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவு என்பது மற்றொன்று. இரண்டுமே இறந்த தேதி, குடிவந்த தேதி, வீடு இருக்கும் இடம், கடைசியாக நெகட்டிவ் வந்த தேதி என்ற நான்கு சங்கதிகளின்மேல் நிற்பவை. அவற்றில் ஒன்று வழுக்கினாலும் முடிவு ஆடிப்போகும்.

இனி டேபிள்களுக்கு வருகிறேன். மூன்று அடிப்படைப் பொருள்கள்: இடம், குடும்பம், ஆள். நம் வழக்கத்தில் வீடும் குடும்பமும் ஒன்று என்று நினைத்து ஒரே டேபிளில் போட்டுவிடுவோம். சுலு கிராமப்புறத்தில் அது ஒத்துவராது. உமுஸி என்று அவர்கள் சொல்லும் வீட்டு வளவுக்குள் நாலைந்து கட்டடம் இருக்கும்; ஒரு வளவில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் இருக்கலாம்; ஒரு குடும்பம் வளவு மாறலாம். வேலைக்காக வெளியூரில் தங்கியிருப்பவர் இன்னமும் அந்தக் குடும்பத்து ஆள்தான். ஆகவே "எங்கே வசிக்கிறார்" என்பதற்கு ஒரு டேபிள், "எந்தக் குடும்பத்தின் உறுப்பினர்" என்பதற்கு இன்னொரு டேபிள். முதல் டேபிளில் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே இடம்தான் இருக்க முடியும். இரண்டாவதில் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம்கூட இருக்கலாம்.

ஒரு கற்பனை உதாரணம். 24 வயதுப் பெண். ரிச்சர்ட்ஸ் பே நகரத்தில் வேலை, மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார், குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. வசிப்பிட டேபிளில் இவருக்கு வெளியேறிய தேதி விழுந்து வரி மூடிவிடும். உறுப்பினர் டேபிளில் வரி திறந்தே இருக்கும். குழந்தைக்கு இரண்டிலும் வரி திறந்திருக்கும். தாயின் அடையாள எண் குழந்தையின் வரியில் நிற்கும். இதை ஒரே டேபிளில் அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: இவரை ஊரில் இருப்பதாகவே எண்ணி நபர்-ஆண்டுகளை (ஒவ்வொருவரும் ஆய்வுப் பகுதியில் இருந்த ஆண்டுகளின் கூட்டலை) ஏற்றிவிடுவோம், அல்லது போய்விட்டார் என்று அழித்து, நோய் முற்றிச் சாவதற்காக ஊர் திரும்பும்போது புது ஆளாகப் பதிவோம். இரண்டாவது தவறு மோசமானது. உடம்பு முடியாமல் ஊர் திரும்புவது அந்த நிலத்தில் எத்தனையோ பேருக்கு நடந்தது. அவர்களை விட்டுவிட்டால் இறப்பு விகிதமே பொய்யாகும்.

ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நிகழ்வு ஒன்று, முடிவு நிகழ்வு ஒன்று கட்டாயம். தொடக்கம் என்றால் முதல் கணக்கெடுப்பு, பிறப்பு, குடிவருதல். முடிவு என்றால் வெளியேறுதல், இறப்பு, அல்லது இன்றுவரை அங்கேயே. ஒருவருக்கு இரண்டு வசிப்பிடம் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது, இறந்தபிறகு நேர்காணல் இருக்கக்கூடாது, தாய்க்கும் குழந்தைக்கும் 12 வயதுக்குக் குறைவான இடைவெளி இருக்கக்கூடாது, கர்ப்பம் என்று பதிவானால் பத்து மாதத்துக்குள் ஒரு முடிவு வரவேண்டும். இந்தச் சோதனைகளை டேட்டாபேஸிலேயே பூட்டிவிடலாம் என்று தோன்றும், எல்லாவற்றையும் பூட்டாதீர்கள். களத்தில் உண்மையாகவே முரணான தகவல் வரும். பூட்டி வைத்தால் களப்பணியாளர் படிவத்தை முடிப்பதற்காக ஒரு தேதியை இட்டுக்கட்டுவார். தேதியே தெரியாத இடத்தில் "மாதம் மட்டும் தெரியும்", "வருடம் மட்டும் தெரியும்" என்று துல்லியத்தைக் குறிக்க ஒரு தனிப் பத்தி வையுங்கள். அது இல்லாத டேட்டாபேஸில் ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் மலைபோல் குவிந்திருப்பார்கள். குறியீட்டு எண்களிலும் கவனம் வேண்டும். "தெரியாது" என்பதற்கு 98 என்று குறியீடு வைத்துவிட்டு வயதுப் பத்தியிலும் அதையே பயன்படுத்தினால், 98 வயதுப் பாட்டியும் வயது தெரியாதவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

அடையாளம்தான் இந்த வேலையின் ஆணிவேர் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். இசிபோங்கோ எனப்படும் குலப்பெயர்தான் சுலு மக்களின் குடும்பப் பெயர். ஒரே பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குலப்பெயரோடு இருப்பார்கள். திருமணமான பெண்ணைப் பிறந்த குலத்தின் பெயருக்கு முன் 'மா' சேர்த்து அழைப்பது வழக்கம். டிலாமினி குலத்தில் பிறந்தவர் புகுந்த வீட்டில் மாடிலாமினி. கணவனின் குலப்பெயரை எழுதினார்களா, பிறந்த வீட்டுப் பெயரையா என்பது பதில் சொன்னவரைப் பொறுத்தது. பள்ளியில் ஆங்கிலப் பெயர், வீட்டில் சுலுப் பெயர். மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் உண்டு. பதில் சொல்கிறவர் மருமகளாக இருந்தால் பெயர்ப் பத்தி காலியாகவோ சுற்றுவழியாகவோ வரும். நம் ஊரில் கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

தேசிய அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த நான்கு பாலினத்தைக் காட்டும், 5000க்குக் கீழே என்றால் பெண். கடைசி இலக்கம், லூன் முறை என்ற கணக்கீட்டின்படி மற்ற இலக்கங்களிலிருந்து வரும் சரிபார்ப்பு எண். டேப்லெட்டிலேயே இந்த மூன்றையும் சோதிக்க வைத்தால் தட்டச்சுப் பிழையில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். ஆனால் எல்லாரிடமும் அட்டை இருக்காது, இருந்தாலும் நேர்காணல் நாளில் கையில் இருக்காது. ஆகவே பெயர், பிறந்த தேதி, தாயின் அடையாள எண், முன்பு இருந்த வளவு, கைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கும். இரட்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெயரைத் தவிர இவை அனைத்தும் ஒன்றாக இருக்கலாம் என்பதால் இரட்டையர் என்று ஒரு குறி இப்போதே வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு தவறு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். ஒரு பெண் அ என்ற வளவில் 2012இல் நெகட்டிவ். திருமணமாகி அதே ஆய்வுப் பகுதிக்குள் ஆ என்ற வளவுக்குப் போகிறார். அங்கே போன களப்பணியாளர் பழைய பதிவைத் தேடிப் பிடிக்காமல் புது ஆளாகச் சேர்த்துவிடுகிறார். 2014இல் பாசிட்டிவ். இப்போது டேட்டாபேஸில் இரண்டு பேர்: பகுதியை விட்டுப் போய்விட்ட ஒரு நெகட்டிவ் பெண், வெளியிலிருந்து தொற்றோடு வந்த ஒரு பாசிட்டிவ் பெண். உண்மையில் நடந்தது ஒரு புதுத்தொற்று. அது கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. கூடவே தொற்று வெளியிலிருந்து வருகிறது என்ற பொய்த் தோற்றமும் சேர்ந்துவிட்டது. அதிகம் இடம் மாறுகிறவர்கள் இளம்பெண்கள். புதுத்தொற்று அதிகமாக இருப்பதும் அவர்களிடமே. ஆகவே இந்தப் பிழைகள் சீராகப் பரவி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை. ஒரே பக்கம்தான் சாய்க்கும்.

இதற்கான வழக்கம்: ஒருவர் வெளியேறினார் என்று பதியும்போதே எங்கே போனார் என்று கேட்பது, உள்ளே வந்தார் என்று பதியும்போது முன்பு எங்கே இருந்தார் என்று கேட்டு, டேப்லெட்டிலேயே தேடவைத்து, கிடைக்காவிட்டால்தான் புது எண் கொடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை வெளியேறியவர் பட்டியலையும் உள்ளே வந்தவர் பட்டியலையும் எதிரெதிரே ஓட்டிப் பார்ப்பது. இருவர் ஒருவரே என்று தெரிந்தால் எந்த எண்ணையும் அழிக்கக்கூடாது. பழைய எண்ணைச் செயலிழக்கச் செய்து, எது எதற்குள் சேர்ந்தது, யார் எந்த நாளில் எந்த ஆதாரத்தில் சேர்த்தார் என்று ஒரு டேபிளில் எழுத வேண்டும். சேர்த்தது தவறு என்று இரண்டு வருடம் கழித்துத் தெரியவரும். பிரித்தெடுக்க வழி வேண்டும்.

ரத்த மாதிரிக்கு வருவோம். பெரும்பாலான தளங்களில் விரல் நுனியில் குத்தி, வடிதாள் அட்டையில் உலர்ந்த ரத்தப் புள்ளியாக எடுக்கிறார்கள். அட்டையில் ஐந்து வட்டம், ஒவ்வொன்றுக்கும் சுமார் 70 மைக்ரோலிட்டர். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். விரலைப் பிழிந்து பிதுக்கக்கூடாது. திசுநீர் கலந்து மாதிரி நீர்த்துவிடும். ஒரே வட்டத்தில் துளிமேல் துளியாக அடுக்கக்கூடாது. வெயில் படாத இடத்தில் கிடைமட்டமாக வைத்து, அட்டைகள் ஒன்றையொன்று தொடாமல், குறைந்தது மூன்று நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடும் ஈரம் காட்டும் அட்டையோடும் பையில் மூட வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அப்போது சரியாக உலராத அட்டைகள் அதிகமாக வரும். லேப் நிராகரித்த அட்டைகளின் எண்ணிக்கையைக் களப்பணியாளர்வாரியாக மாதந்தோறும் பாருங்கள். ஒரே ஆளிடம் கூடுதலாக இருந்தால் பயிற்சிக் குறை. எல்லாரிடமும் கூடினால் வானிலை, அல்லது உலர்த்தும் இடம்.

டேட்டா ஆள் கவனிக்க வேண்டியது பார்கோடு. அட்டையில் ஒன்று, ஒப்புதல் படிவத்தில் ஒன்று, டேப்லெட்டில் ஸ்கேன் செய்தது ஒன்று. ஒவ்வொரு மாலையும் மூன்று எண்ணிக்கை பொருந்த வேண்டும்: டேப்லெட்டில் ரத்தம் கொடுத்ததாகப் பதிவானவர்கள், பையில் உள்ள அட்டைகள், லேப் பெற்றுக்கொண்ட அட்டைகள். 14, 14, 13 என்றால் அன்றைக்கே தேட வேண்டும். மூன்று வாரம் கழித்துத் தேடினால் அந்த அட்டை யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது.

எத்தனை கவனமாக இருந்தாலும் சில பேர் 2010இல் பாசிட்டிவாகவும் 2013இல் நெகட்டிவாகவும் வருவார்கள். உடலளவில் இது நடப்பதற்கு வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்பது உறுதி. ஆகவே இது பதிவின் பிழை, அல்லது முதல் சோதனையே தவறான பாசிட்டிவ். அத்தகைய வரி கிடைத்தால் அதே நாள், அதே களப்பணியாளர், முன்பின் பார்கோடு எண்களைப் பாருங்கள். பக்கத்து எண்ணுக்குரியவர் இதுவரை பாசிட்டிவாக இருந்து அன்று மட்டும் நெகட்டிவ் காட்டி அடுத்த முறை மறுபடி பாசிட்டிவ் என்றால், இரண்டு ஸ்டிக்கர் இடம் மாறியிருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அடுத்தடுத்து ரத்தம் எடுக்கும்போது இப்படி நடக்கும். அப்படித் தடம் கிடைக்காவிட்டால் ரிசல்ட்டை நீங்களாகத் திருத்தாதீர்கள். மூல ரிசல்ட் அப்படியே இருக்கட்டும். சந்தேகக் குறி ஒரு பத்தியில், பகுப்பாய்வுக்கான முடிவு இன்னொரு பத்தியில், அதன் விதி எழுத்தில்.

புதுத்தொற்று விகிதக் கணக்கில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கடைசி நெகட்டிவ் 2012 மார்ச் 15, முதல் பாசிட்டிவ் 2017 செப்டம்பர் 20 என்றால், இடையில் எப்போதோ தொற்றியது என்பது உறுதி. எந்த நாள் என்பது ஊகம். நடுப்புள்ளியை எடுத்தால் 2014 டிசம்பர் நடுவில் விழும். இடைவெளி சிறிதாக இருக்கும்வரை இதில் பெரிய குற்றமில்லை. இடைவெளிகள் நீளமாக இருக்கையில் எல்லாருக்கும் நடுப்புள்ளி எடுத்தால், தொற்றுகள் ஆய்வுக் காலத்தின் நடுவில் குவிந்து, கடைசி வருடங்களில் தொற்று குறைந்ததுபோல ஒரு தோற்றம் வரும். அதை நிஜமான சரிவு என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. இடைவெளிக்குள் ஒரு நாளைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்து, அதைப் பலமுறை திரும்பச் செய்து சராசரி காண்பது இன்று நல்ல வழக்கம். உங்கள் பங்கு, அதற்கு வேண்டிய இரண்டு தேதிகளையும் சோதனை வகையையும் கலக்காமல் கொடுப்பது. கிளினிக்கில் செய்த சோதனையை ஆய்வுச் சோதனையோடு ஒரே பத்தியில் போடாதீர்கள். உடம்புக்கு முடியாதவர்தான் கிளினிக் போவார். வீடு தேடிப் போய்ச் செய்த சோதனையின் தன்மை வேறு.

இன்னொரு நிரந்தரச் சந்தேகம், சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள். பல தளங்களில் ஆண்கள் பெண்களைவிடக் குறைவாகவே கிடைப்பார்கள். பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஏற்கெனவே தனக்குத் தொற்று என்று தெரிந்தவர் "மறுபடி எதற்கு" என்று மறுப்பார். இதைச் சரிக்கட்ட ஹெக்மன் மாடல் போன்ற புள்ளியியல் முறைகள் உண்டு. ஆனால் அவை தாங்களே சில ஊகங்களின்மேல் நிற்பவை, ஊகம் மாறினால் விடையும் மாறும். டேட்டா மேனேஜர் செய்யக்கூடியது, "இல்லை" என்பதை நான்காகப் பிரித்து வைப்பது: வீட்டில் இல்லை, வெளியூரில் வசிக்கிறார், நேர்காணலுக்கு வந்தார் ஆனால் ரத்தம் மறுத்தார், எல்லாவற்றையுமே மறுத்தார். வெறும் காலியிடமாக விட்டால் எந்தப் புள்ளியியலாளராலும் பிறகு மீட்க முடியாது.

கிளினிக் பதிவுகளோடு இணைப்பது தனி வேலை. தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் மருந்து எடுப்பவர்களின் விவரம் டியர்.நெட் என்ற மென்பொருளில் இருக்கிறது. அடையாள எண் இருந்தால் நேரடி இணைப்பு. இல்லாவிட்டால் பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசிக்கு மதிப்பெண் கொடுத்து இணைக்கும் நிகழ்தகவு முறை. இரண்டு வரம்பு வையுங்கள்: மேல்வரம்பைத் தாண்டினால் ஏற்பு, கீழ்வரம்புக்கும் கீழே தள்ளுபடி, நடுவில் உள்ளதை இருவர் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது. கிளினிக் பதிவில் "தொடர்பு அறுந்தவர்" என்று இருப்பதை நோயை அலட்சியப்படுத்தியவர் என்று படிக்காதீர்கள். சொல்லாமல் வேறு கிளினிக்குக்கு மாறியவர்களும், வீட்டில் இறந்தவர்களும் அதில் நிறைய. உங்கள் வீட்டுவாரிப் பதிவில்தான் உண்மை தெரியும். மருந்து தொடங்கும் விதியும் மாறிக்கொண்டே வந்தது என்பதை நினைவில் வையுங்கள்: சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே என்றிருந்தது 2011இல் 350, 2015இல் 500, 2016 செப்டம்பரிலிருந்து தொற்றுள்ள அனைவருக்கும். வருடத்தைக் கணக்கில் கொள்ளாமல் "ஏன் மருந்து தொடங்கவில்லை" என்று கேட்டால் கேள்வியே தவறு.

இந்த இணைப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. இதே மாவட்டத்தின் ஹ்லபிசாவில் 2012 முதல் 2016 வரை 22 ஊர்ப்பகுதிக் கொத்துகளில் ஒரு சிகிச்சை ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. ஒரு பாதிக்குத் தொற்று தெரிந்தவுடன் மருந்து, மறுபாதிக்கு அன்றைய அரசு விதிப்படி. புதுத்தொற்று விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் சோதனைக்குப் பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். ஆனால் பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள் கிளினிக் வாசலை மிதிக்கத் தாமதமானது, அதனால் மருந்து எடுப்போர் விகிதத்தில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. வீட்டுப் பதிவும் கிளினிக் பதிவும் ஒரே ஆளிடம் வந்து சேராதிருந்தால் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இறப்புக் காரணத்துக்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்ற முறை. இறந்தவரைப் பராமரித்தவரிடம் நோயின் போக்கைக் கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் பதிந்து, மருத்துவர்களோ கணினி நிரலோ காரணம் குறிப்பார்கள். இதன் எல்லை தெளிவானது: எச்.ஐ.வி.யையும் காசநோயையும் வாய்மொழியில் பிரிப்பது கடினம், ஆகவே இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. துக்கம் ஆறுவதற்குச் சில வாரமாவது விடவேண்டும், வருடக்கணக்கில் தள்ளவும் கூடாது. இறப்பு பதிவான நாளிலிருந்து இந்த நேர்காணல் எந்த வாரம் வரவேண்டும் என்ற பட்டியலைத் தானாக உருவாக்குவது உங்கள் வேலை.

ஒருங்கிணைப்பு என்று போட்டிருப்பது இவை எல்லாம் ஒரே தாளத்தில் ஓடவைப்பது. காலையில் டேப்லெட்டுகளில் அன்றைய வீட்டுப் பட்டியல் இறங்க வேண்டும். கிராமத்தில் நெட்வொர்க் இருக்காது, மின்வெட்டும் உண்டு. எல்லாம் ஆஃப்லைனில் ஓடி மாலையில் ஒத்திசைய வேண்டும். பிழைப் பட்டியல் ஒரு வாரத்துக்குள் களத்துக்குத் திரும்ப வேண்டும். நூற்றுக்கு ஐந்து வீடுகளிலாவது மேற்பார்வையாளர் மறுபடி போய்ச் சில கேள்விகளைக் கேட்டு ஒப்பிட வேண்டும். நேர்காணலின் தொடக்க, முடிவு நேரத்தையும் ஜி.பி.எஸ். புள்ளியையும் தினமும் பாருங்கள்: அரைமணி நேரப் படிவம் நான்கு நிமிடத்தில் முடிந்திருந்தாலோ, ஆறு வீட்டின் புள்ளியும் ஒரே மரத்தடியில் விழுந்திருந்தாலோ போய்க் கேட்க வேண்டும். கடிந்துகொள்வதற்கு முன் இலக்கு நியாயமாக இருந்ததா என்றும் பாருங்கள். ஒரு நாளில் நடக்கவே முடியாத தூரத்தைக் கொடுத்துவிட்டு உண்மையான பதிவை எதிர்பார்க்க முடியாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வருவார்கள். அவர்களைச் சந்திக்க அதைவிட நல்ல நேரமில்லை. ஆனால் களப்பணியாளர்களும் அப்போதுதான் விடுப்புக் கேட்பார்கள். ஜூலையிலேயே முறை வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வித்தாளில் நடுவே மாற்றம் வரும்போது பழைய குறியீட்டு எண்ணை வேறு பொருளுக்கு ஒருபோதும் மறுபயன்பாடு செய்யாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை டேட்டாவை உறையவைத்து, பதிப்பு எண்ணோடு வெளியிடுங்கள். கட்டுரை எழுதுகிறவர் எந்தப் பதிப்பில் கணக்கிட்டார் என்பது தெரிய வேண்டும்.

ரகசியம் இந்த வேலையின் உயிர். வீட்டுப் படிவத்தை நிரப்புகிறவர் கண்ணில் எச்.ஐ.வி. ரிசல்ட் படவே கூடாது. அவர் அதே ஊர்க்காரர், பதில் சொல்கிறவரின் உறவினராகவும் இருக்கலாம். பெயர்கள் ஒரு சர்வரில், ரிசல்ட்டுகள் இன்னொன்றில், இரண்டையும் சேர்க்கும் சாவி மிகச் சிலரிடம். "எச்.ஐ.வி. படிவம் பாக்கி உள்ள வீடுகள்" என்று ஒரு பட்டியலை அச்சிட்டு வண்டியில் விட்டுவிட்டு வந்தாலே ஒரு குடும்பம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போகலாம். ஆராய்ச்சியாளர்களுக்கு வீட்டின் ஜி.பி.எஸ். புள்ளியைத் தராதீர்கள், கிளினிக்கிலிருந்து தூரம், சாலையிலிருந்து தூரம் என்று கணக்கிட்டுக் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. நான் சொல்வது தொழில்நடை மட்டுமே. சட்டத்தின் ஷரத்துகளை உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும். கிராமத்தில் இன்கோசி என்ற குலத்தலைவரும், அவருக்குக் கீழே இண்டுனாக்கள் எனும் ஊர்ப் பொறுப்பாளர்களும், சமூக ஆலோசனைக் குழுவும் இருப்பார்கள். அவர்களிடம் வருடந்தோறும் முடிவுகளைக் கொண்டுபோய்ச் சொல்வதும் ஒருங்கிணைப்பில் சேர்த்தி. மறுப்பு விகிதம் ஒரு பகுதியில் திடீரென ஏறினால் முதலில் இண்டுனாவிடம் போய் விசாரியுங்கள். ரத்தத்தை விற்கிறார்கள் என்பதுபோல ஏதாவது வதந்தி கிளம்பியிருக்கும்.

மருத்துவம் படிக்காமல் சமாளிக்கலாம். தேவைப்படும் மருத்துவம் ஒரு மாதத்தில் படிக்கக்கூடியது: தொற்றியபின் ஆன்டிபாடி தெரியச் சில வாரம் ஆகும், மருந்து வைரஸை அடக்கும் ஆனால் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவாகவே நிற்கும், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) வேறு, சி.டி.4 வேறு. அதைவிட அவசரமாகப் படிக்க வேண்டியது நேரத்தொடர் வரிகளை வெட்டி ஒட்டும் எஸ்.க்யூ.எல்., ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடும் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வின் அடிப்படை, ஸ்டேட்டா அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள். வாழ்த்துச் சொல்லவும் பெயரைச் சரியாக உச்சரிக்கவுமாவது சுலு மொழி வேண்டும். முதல் இரண்டு வாரம் மேசையில் உட்காராமல் களப்பணியாளர்களோடு வீடு வீடாகப் போக அனுமதி கேளுங்கள்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் மூன்று விஷயம் விசாரியுங்கள். உள்ளே வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் பழைய பதிவோடு இணைக்கப்படுகிறார்கள்? பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு மாறியவர்களின் பட்டியல் இருக்கிறதா, அதற்கு எழுத்தில் விதி உண்டா? களத்துக்கு அனுப்பும் பிழைப் பட்டியல் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? இவற்றுக்கு அந்த இடத்திலேயே எண்ணோடு பதில் வந்தால் நல்ல இடம். "அதற்குத்தான் உங்களை எடுக்கிறோம்" என்று பதில் வந்தால், முதல் வருடம் முழுக்கப் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தவே போய்விடும் என்று தெரிந்தே போங்கள். சம்பளமும் உதவியாள் எண்ணிக்கையும் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.